கூண்டு ஏற்றினால் மட்டும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

அரசாங்கம் முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் மக்களோடு பேசுவதைப் பற்றியும், தன்னிடமுள்ள தரவுகளைப் பொதுவில் திறந்து வைப்பதைப் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவை. பெயரை வெளியிட வேண்டாமென்று பலரும் கேட்டுக்கொண்டதால், எல்லாருக்கும் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து மூன்று மாதம் ஆகிறது. படம் எடுத்து, உரிய அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் பதிவிட்டேன். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மறுநாளே பதில் வந்தது; அதோடு சரி. ஐயா, நான் கொடுத்தது மனுவா, இல்லையா? – ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மஞ்சக்குப்பம்

அம்மா, அலுவலக நடைமுறைப்படி நீங்கள் கொடுத்தது மனு அன்று. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க் கூட்டத்தில் நீங்கள் ஒரு தாளை நீட்டினால், அது கணினியில் பதிவாகி அதற்கென்று ஓர் எண் விழுகிறது. எந்தத் துறைக்குப் போயிற்று, எந்தத் தேதியில் போயிற்று, யார் என்ன எழுதித் திருப்பினார் என்பதையெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணை அழைத்தாலும் அப்படியே. முகநூலில் உங்களுக்குக் கிடைத்தது பதில்தான், பதிவெண் அன்று. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மக்கள் தொடர்புப் பிரிவில் இருப்பவர். கால்வாயைச் செப்பனிடும் பொறியாளருக்கும் அவருக்கும் இடையே கோப்பு எதுவும் நடமாடுவதில்லை. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில், அதைச் செய்பவர் யார் என்று தேடிப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் இலக்கணம் நடத்திய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சமூக ஊடகத்தால் காரியமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்த 2014 முதல் 2019 வரையிலான காலத்தில், வளைகுடா நாடுகளில் சிக்கிக்கொண்ட தொழிலாளர்களும் கடவுச்சீட்டைத் தொலைத்தவர்களும் ட்விட்டரில் முறையிட, அவரே பதிலளித்துத் தூதரகங்களை முடுக்கிவிட்டதை நாடு பார்த்தது. ஆனால் அங்கே நடந்தது என்ன? அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர் தாமே படித்து, தாமே ஆணையிட்டார். ஒருவருடைய அக்கறையை நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் தானும் எழுந்து போய்விடக் கூடியது.

இந்தச் சிக்கலை நம் பக்கத்துப் புதுச்சேரி அளவுக்கு வெளிப்படையாக வேறெந்த ஊரும் அனுபவித்திருக்குமா என்பது ஐயமே. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி, குறைகளைப் பெறுவதற்கும் அலுவலர்களுக்கு அறிவுறுத்தல் தருவதற்கும் வாட்ஸ்அப் குழுக்களைப் பயன்படுத்தினார். 2017 ஜனவரியில், அலுவல் தொடர்புக்குச் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு சுற்றறிக்கை விட்டது. அந்த ஊடக நிறுவனங்களின் கணினிகள் அயல்நாடுகளில் இருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சுற்றறிக்கையை ஆளுநர் ரத்து செய்தார். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தபோது, அலுவலர்கள் இத்தகைய குழுக்களின் வழியே அறிவுறுத்தல் பெறுவதையும் ஏற்கவில்லை. 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. அதிகாரம் யாருக்கு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால், குழுவில் வந்த ஒரு வரிச் செய்தியை ஆணையாகக் கொள்வதா, பத்தாண்டு கழித்து அதை எந்தக் கோப்பில் தேடுவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இரு தரப்புமே முழுமையான விடை சொல்லவில்லை.

பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு 2007-இல் ‘ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்’ என்றொரு தளத்தைத் தொடங்கியது. தெருவில் பள்ளமோ எரியாத விளக்கோ இருந்தால் வரைபடத்தில் குறித்தால் போதும். அது உரிய உள்ளாட்சிக்குப் போகிறது. புகாரும் அதற்கு வந்த பதிலும், சரிசெய்யப்பட்டதா என்பதும் எல்லாரும் பார்க்கும்படி அங்கேயே இருக்கின்றன. பதிவேட்டின் ஒழுங்கும் ஊரறிய நிற்பதன் அழுத்தமும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதே அதன் சிறப்பு. அப்படியொன்று நமக்கு வாய்க்கும்வரை, முதலில் எண்ணுள்ள மனுவைக் கொடுங்கள். பிறகு அந்த எண்ணையும் தேதியையும் போட்டு முகநூலில் எழுதுங்கள். வெறும் படத்துக்கு ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதிவிடலாம். எண்ணுக்கு அப்படி எழுதுவது சற்றுக் கடினம்.

கேள்வி: திறந்த தரவு என்றால் என்ன? அரசாணை, புள்ளிவிவரம் எல்லாம்தான் இணையத்தில் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கின்றனவே? – கல்லூரி மாணவர், கடலூர்

கிடைப்பது வேறு, பயன்படுத்த முடிவது வேறு. உலகளாவிய வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 2010-இல் திறந்த தரவுக்கு ஐந்து விண்மீன் அளவுகோல் ஒன்றை வகுத்தார். யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு எந்த வடிவிலாவது வெளியிட்டால் ஒரு விண்மீன். அட்டவணையாக, கணினி படிக்கும்படி வெளியிட்டால் இரண்டு. அந்த அட்டவணையைத் திறப்பதற்குக் குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் தேவையில்லை என்றால் மூன்று. அதற்கு மேலுள்ள இரண்டும் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பதைப் பற்றியவை. தாளை வருடி எடுத்த படத்தைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருந்தால், அது முதற்படியில் கால் வைத்திருக்கிறது, அவ்வளவே.

இந்திய அரசு இதை அறியாததன்று. பொதுப்பணத்தில் திரட்டப்பட்ட, மறைக்க வேண்டிய காரணமில்லாத தரவுகளை மக்களோடு பகிர வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதற்கான தேசியத் தளமும் திறக்கப்பட்டது. அமெரிக்கா 2009-லும் பிரிட்டன் 2010-லும் இத்தகைய தளங்களைத் தொடங்கியதை நினைத்தால், நாம் மிகவும் பின்தங்கிவிடவில்லை.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு வழக்கு உண்டு. நம் அலுவலகங்களில் நெடுங்காலம் வானவில் முதலிய எழுத்துருக்களில், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியேற்றத்தில் (எழுத்தைக் கணினி எண்ணாகக் குறித்துக்கொள்ளும் முறையில்) தட்டச்சு செய்தார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோட் எனப்படும் ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. ஆயினும் பழைய கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை வந்து விழும். ‘நெல்லிக்குப்பம்’ என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குத் தமிழாக இல்லாதபோது, அதை வெளியிட்டும் பாதிதான் வெளியிட்டதாகிறது.

கொரோனாக் காலத்தை எண்ணிப் பார்த்தால் உங்களுக்கு இது எளிதாக விளங்கும். 2020 மே மாதம், கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென்று உயர்ந்தபோது, ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறையின் அறிக்கைக்காகக் காத்திருந்தோம். அறிக்கை தவறாமல் வந்தது. மாவட்டவாரியாக விவரமும் இருந்தது. இதில் தமிழ்நாடு பாராட்டுக்குரியது. ஆனால் வந்தது பிடிஎஃப். நாடு முழுவதிலுமிருந்து வந்த இத்தகைய அறிக்கைகளையும் மாநிலங்களின் ட்விட்டர் பதிவுகளையும், தன்னார்வலர்கள் நாள்தோறும் அட்டவணையாக மாற்றி, யாரும் எடுத்தாளும்படி இலவசமாக வெளியிட்டார்கள். 2021 அக்டோபர் இறுதியில் அவர்கள் அப்பணியை நிறுத்தும்வரை, செய்தித்தாள்களும் ஆய்வாளர்களும் நம்பியிருந்தது அந்தத் தட்டச்சு உழைப்பைத்தான். தைவானில் 2020 பிப்ரவரியில், எந்த மருந்தகத்தில் எத்தனை முகக்கவசம் இருக்கிறது என்ற விவரத்தை அரசே கணினி படிக்கும் வடிவில் திறந்துவிட்டது. இளைஞர்கள் அதை வைத்துச் சில நாள்களிலேயே வரைபடங்கள் செய்துவிட்டார்கள். உழைப்பு இரண்டு இடத்திலும் தன்னார்வலருடையதுதான். இங்கே அது தட்டச்சில் போயிற்று, அங்கே மக்களுக்கு வேண்டிய கருவி செய்வதில் போயிற்று.

கேள்வி: கடலுக்குப் போகும் முன் கைப்பேசியில் பத்துக் குழுவில் பத்து விதமாக அலை உயரம் வருகிறது. ‘எங்கள் காலத்தில் கரையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அது போதுமாயிருந்தது’ என்கிறார் அப்பா. எதை நம்புவது? – மீனவர், வீராம்பட்டினம்

தம்பி, உங்கள் அப்பா பெருமைப்பட வேண்டிய ஒன்றை எளிதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம்; அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு; மின்சாரம் நிற்கும் வேளைக்குச் சூரியத் தகடு. வங்கக் கடலின் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டிக் கணித்து அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. அதைத் தம் கப்பல்களுக்காகச் செய்தார்கள், ஆனால் பூட்டி வைக்கவில்லை. மையத்தினர் அதை எடுத்து, தமிழில் சொல்லிப் பதிவு செய்து, வீராம்பட்டினம் கரையில் ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார்கள். எங்கோ ஒரு நாட்டின் படைத்துறை திறந்து வைத்த எண்கள், கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உங்கள் அப்பாவுக்கு உதவின. இந்தியாவில் ‘திறந்த தரவு’ என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது.

அந்த எண்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தது இணையத்தால். உங்கள் அப்பாவை எட்டியது, ஒருவர் அதை உங்கள் பேச்சில், உங்கள் கரையில், படகு கிளம்பும் நேரம் பார்த்துச் சொன்னதால். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்து நல்லவாட்டில் நடந்ததும் இதே கதைதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள், ஊர் தப்பியது. அலை எழுந்த சேதி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அது காதில் விழாத கடலோர ஊர்கள் எத்தனை என்பதைக் கடலூர் மாவட்டத்தார் மறக்க முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று அமெரிக்கக் கடற்படையை நாட வேண்டியதில்லை. ஐதராபாத்தில் 1999-இல் அமைக்கப்பட்ட இன்கோயிஸ் என்னும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்கணிப்பைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தருகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அளந்து, இன்ன இறங்குதளத்திலிருந்து இன்ன திசையில் இவ்வளவு தொலைவில் மீன் திரளக்கூடும் என்றும் சொல்கிறது. சுனாமி எச்சரிக்கை மையமும் 2007-லிருந்து அங்கேதான் இயங்குகிறது. புயலுக்கும் பலத்த காற்றுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை. இவ்விரண்டு இடத்திலிருந்தும் நேரே வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் கைமாறி வருவதில் எண் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தேதி உதிர்ந்துபோயிருக்கும். நேற்றைய இரண்டரை மீட்டர் இன்றைய இரண்டரை மீட்டராக உலவும். தேதியும் நேரமும் வெளியிட்டவர் பெயரும் இல்லாத அலை உயரம், விலாசம் இல்லாத கடிதம்.

இதைச் சொல்லும்போது கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நினைவுக்கு வருகிறது. கைப்பேசியும் வானொலியும் இல்லாத காலத்திலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொலைவிலிருந்து பார்த்து அறியும்படி அமைத்த ஏற்பாடு அது. ஒன்றாம் எண்ணிலிருந்து பத்தாம் எண்வரை ஆபத்தின் தன்மையைச் சொல்வதை நாம் அறிவோம். பதினோராம் எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது. ‘எங்களுக்கே இப்போது எதுவும் தெரியவில்லை’ என்பதைக்கூட மக்களுக்கு அறிவிப்பதற்கு ஒரு கூண்டை ஒதுக்கியவர்கள் அதை வகுத்தவர்கள். புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் இன்றைய அரசு இணையதளங்களில் எத்தனைக்குப் பதினோராம் எண் கூண்டு ஏற்றலாம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் எங்கள் வயலையும் வீட்டையும் மூழ்கடித்தது. அணை தமிழ்நாட்டில், நாங்கள் புதுச்சேரியில். எச்சரிக்கையை எங்கே தேடுவது? – விவசாயி, பாகூர்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடிவரை நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரம் விழுப்புரமும் கடலூரும் பாகூரும் தத்தளித்தன. படிப்படியாக எச்சரிக்கை கொடுத்தே திறந்தோம் என்றது தமிழ்நாடு அரசு. போதிய எச்சரிக்கை இல்லை என்றன எதிர்க்கட்சிகள்.

இரு தரப்பும் பேசிக்கொண்டது வெவ்வேறு பொருளைப் பற்றி என்பது என் எண்ணம். எச்சரிக்கை வெளியிடப்பட்டதா என்பது ஒரு கேள்வி, சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. சேர்ந்தாலும், ‘1.68 லட்சம் கனஅடி’ என்ற எண்ணை வைத்துக்கொண்டு பாகூரில் ஒருவர் என்ன செய்வார்? பொறியாளருக்குப் பொருள்படும் அளவு அது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, இந்த அளவு நீர் வந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்தத் தெருவுக்கு முழங்கால் அளவு, எந்தத் தெருவுக்கு இடுப்பளவு என்பது. நிலத்தின் மேடுபள்ளத் தரவும் ஆற்றுத் தரவும் சேர்ந்தால் இதைச் சொல்ல முடியும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவந்தவர்கள், மாநில எல்லையைக் கேட்டுக்கொண்டு வாய்க்கால் வெட்டவில்லை. தரவு மட்டும் எல்லையில் நின்றுவிட வேண்டியதில்லை.

நீங்கள் இன்று செய்யக்கூடியவை: மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தில் ஆற்று நீர்மட்டங்கள் பொதுவில் உள்ளன. தமிழ்நாட்டின் ‘டிஎன்-அலர்ட்’ செயலியைப் புதுச்சேரிக்காரரும் இறக்கிக்கொண்டு, அணை நீர்மட்டத்தைக் கவனிக்கலாம். 2023-இல் நம் கைப்பேசிகள் திடீரென்று அலறி, ‘இது சோதனைச் செய்தி’ என்று காட்டியது நினைவிருக்கலாம். அந்த முறையில் கைப்பேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் செய்தி அனுப்புகிறது. இணைய இணைப்பு வேண்டாம், செயலி வேண்டாம், எந்த மாநில எண் என்ற கேள்வியும் இல்லை. ஒருபுறம் கடலூரும் மறுபுறம் பாகூருமாகப் பின்னிக் கிடக்கும் நம் நிலத்துக்கு ஏற்ற முறை அதுவே. கைப்பேசி அமைப்பில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள்.

கேள்வி: அரசு அலுவலகப் பக்கத்தைத் திறந்தால் பிறந்தநாள் வாழ்த்தும் திறப்பு விழாப் படமும்தான். இதற்கு விதியே கிடையாதா? – வாசகி, நெய்வேலி

உண்டு. அரசு அமைப்புகள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய மின்னணுத் தகவல் தொழில்நுட்பத் துறை 2012-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பக்கம் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று என்ற தெளிவு முதலில் வேண்டும். அமெரிக்காவில் 2017 ஜனவரியில் ஆட்சி மாறியபோது, அதிபரின் ட்விட்டர் கணக்கு புதியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முந்தையவரின் பதிவுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. வாழ்த்துச் சொல்வதில் தவறில்லை. புயலன்று பக்கத்தைத் திறப்பவர் வாழ்த்துப் படங்களைத் தள்ளித் தள்ளித்தான் எச்சரிக்கையை அடைய வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

கேள்வி: இரவில் துர்நாற்றம் வீசுகிறது. புகார் செய்தால் ‘அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்கிறார்கள். அந்த அளவை நாங்கள் பார்க்க முடியாதா? – குடும்பத்தலைவி, குடிகாடு

பார்க்க முடிய வேண்டும் என்பது உச்சநீதிமன்றத்தின் ஆணை. மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள், வெளியேற்றத்தை இடைவிடாது அளந்து வாரியத்தின் கணினிக்கு அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் பணித்தது. 2017 பிப்ரவரி 22 அன்று பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில், அத்தகைய உடனுக்குடனான அளவுகளை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தம் தளங்களில் பொதுமக்கள் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. நீங்கள் எழுதும் மனுவில் இந்தத் தேதியைக் குறிப்பிட்டு, உங்கள் ஊரைச் சுற்றிய ஆலைகளின் அளவுகளை மணிவாரியாகக் கேளுங்கள், சராசரி வேண்டாம். இருபத்துநான்கு மணி நேரச் சராசரியில் நள்ளிரவு நாற்றம் கரைந்துபோகும்.

தரவு என்பது அரசிடமிருந்து கீழே இறங்கி வருவது மட்டுமன்று என்பதை உலகுக்குக் காட்டியது உங்கள் பகுதிதான். 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்களின் மீனவரும் உழவரும் சேர்ந்து ‘சிப்காட் பகுதி சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்ற குழுவை அமைத்தார்கள். எந்நாள் எந்நேரம் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் என்று எழுதி வைத்தார்கள். வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம், பிண நாற்றம் என்று ஊரார் வாயில் வழங்கிய சொற்களெல்லாம் அந்தப் பதிவேட்டில் சான்றாயின. உங்கள் வீட்டு நாள்காட்டியில் தேதி, மணி, காற்றின் திசை மூன்றையும் இன்றிரவிலிருந்தே குறித்து வாருங்கள். வாரியத்தின் எண்ணோடு அதை அடுக்கி வைத்துக் கேட்கும் கேள்விக்கு மழுப்பலான விடை செல்லாது.

கேள்வி: நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலில் என் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இணையத்தில் கிடந்தன. இதுவா வெளிப்படைத்தன்மை? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

இல்லை, இது கவனக்குறைவு. ஊரில் யாருக்கு, எந்தத் திட்டத்தில், எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பது வெளியே தெரியத்தான் வேண்டும். நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியல் இணையத்தில் இருந்ததால்தான், இறந்தவர் பெயரில் கூலி போட்டதைச் சமூகத் தணிக்கையில் பிடிக்க முடிந்தது. அதற்குப் பெயரும் தொகையும் போதும். கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் திருடனைத் தவிர யாருக்கும் பயன்படாதவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவையும் திருத்துவதால், ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லிப் பயனாளி பட்டியலையே மூடிவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. உங்கள் பட்டியலை நீக்கச் சொல்லி எழுதாதீர்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் மறைக்கச் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவின் பெயர் முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால், ‘எல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். அம்மாவிடம் கைப்பேசியே இல்லை. என்ன செய்வது? – வாசகி, ஏம்பலம்

நீங்கள் ஏம்பலத்திலிருந்து எழுதுவது பொருத்தமே. மேலே சொன்ன தகவல் மையங்களில் ஒன்று உங்கள் ஊரில் கோயில் இடத்தில் இயங்கியது; ஊர்ப் பெண்களே அதை நடத்தினார்கள். அரசுத் திட்டங்களின் விவரத்தைக் கணினியைத் தொட்டிராத அம்மாக்களுக்கும் அவர்கள் படித்துச் சொன்னார்கள்.

‘இணையத்தில் இருக்கிறது’ என்பது சட்டப்படி முழுமையான விடையன்று. 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரமும் அதில் உண்டு. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவை அதிகம் பேர் படிப்பதில்லை. வெளியிடும்போது செலவையும், உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் மக்களை எட்டுவதற்கு எது சிறந்த வழியோ அதையும் கருத வேண்டும் என்கிறது அது. பரப்புதல் என்றால் என்ன என்ற விளக்கத்தில் அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு ஆகியவற்றை முதலில் வைத்து, அவற்றோடு இணையத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியும் பலகையும் இன்றும் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை அலுவலகங்கள் மறந்துவிட்டன. ராஜஸ்தான் அரசு 2019-இல் தொடங்கிய ‘ஜன் சூச்சனா’ தளம் இந்த 4-ஆம் பிரிவை நிறைவேற்றவே அமைந்தது. ஊர்வாரியாக யார் பெயர் எந்தப் பட்டியலில் என்று எவரும் பார்க்கலாம்.

ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதுங்கள். அம்மாவின் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, ஏம்பலத்துக்கான பயனாளிகள் பட்டியலின் நகல், 4-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி அப்பட்டியல் எந்தப் பலகையில் எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தால் அதுவும் இல்லை, ஆனால் அதற்கான சான்றை இணைக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேலே போக நேர்ந்தால், கடலூர்க்காரர் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போவார். நீங்கள் புதுச்சேரி என்பதால் தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை அம்மாவின் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.